14 மாதமாகியும் உறவு கூடவில்லை. கோளாறு எனக்கா, அவருக்கா?

கரூர்_மல்லி:
வயது 28. கல்யாணமாகி 14 மாதம். ஒரு தடவைகூட உறவு முழுதாக நடக்கவில்லை. இதை எழுதவே மூன்று நாள் யோசித்தேன்.

ஆசை இல்லாமல் இல்லை. கட்டிக்கொள்வது, முத்தம் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. அந்தக் கட்டம் வந்ததும் என்னையறியாமல் தொடை இரண்டும் ஒட்டிக்கொள்ளும், இடுப்பு பின்னால் போய்விடும். உள்ளே சுவர் எழுப்பியது போல, ஒரே எரிச்சல். ஐந்தாறு மாதம் அவர் பொறுமையாகத்தான் இருந்தார். அப்புறம் என் முகம் சுளித்தாலே அவருக்கு விறைப்பு போய்விட ஆரம்பித்தது. இப்போது பக்கத்தில் வருவதே இல்லை.

ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். சோதிக்கக் கை வைத்ததுமே துள்ளிவிட்டேன். "இதுக்கே இப்படின்னா எப்படிம்மா குடும்பம் நடத்துவே?" என்றார். கன்னிச்சவ்வு கெட்டியாக இருக்கும், சின்ன ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். வீட்டுக்காரரோ எனக்குத் தெரியாமல் மெடிக்கலில் விறைப்புக்கான மாத்திரை, சில்டெனாஃபில் 50, வாங்கிப் போட்டுப் பார்த்திருக்கிறார். தலைவலிதான் மிச்சம். அதற்கு முன்னால் மாதம் ஒருநாள் லாட்ஜில் வந்து உட்காரும் வைத்தியரிடம் 9,000 ரூபாய்க்கு லேகியம்.

அத்தை மாதாமாதம் "ஏதாவது விசேஷமா?" என்கிறார். ஆபரேஷனுக்குச் சம்மதிக்கலாமா?

பழைய_சோறு:
தங்கச்சி, நான் உங்கள் வீட்டுக்காரர் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். விடியற்காலையில் எழும்போது அவருக்கு விறைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ரத்தக் குழாயும் நரம்பும் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன, பயம்தான் கெடுக்கிறது. எனக்கு அப்படியில்லை. 9 வருடச் சர்க்கரை, காலை விறைப்பும் சேர்ந்தே மெல்ல மெல்லப் போனது. டாக்டர் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, பிரஷர் பார்த்துவிட்டு இதயத்தையும் சோதிக்கச் சொன்னார். ஆணுறுப்பின் ரத்தக் குழாய் இதயத்தினுடையதைவிடச் சின்னது, அடைப்பு முதலில் இங்கேதான் காட்டிக்கொடுக்குமாம்.

அவர் போட்ட அந்த மாத்திரை நெஞ்சுவலிக்கு மருந்து தேடும்போது அகப்பட்டது, 1998-ல் விற்பனைக்கு வந்தது. ரத்த ஓட்டத்துக்குத்தான் உதவும், ஆசையைத் தராது, பயத்தையும் போக்காது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு சேர்ந்தால் பிரஷர் படுத்துவிடும், உயிருக்கே ஆபத்து. அதனால் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற வேலை வேண்டாம். லேகியத்தை முதலில் தூக்கிப் போடுங்கள். மூலிகை என்று விற்கும் சிலவற்றில் இதே மாத்திரையைப் பொடித்துக் கலப்பதும் உண்டு.

ஊர்வம்பு77:
ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும். பழனிக்குப் போய் வாருங்கள்.

தாமரைக்குளம்:
மேலே சொன்னவருக்கு: குழந்தை எப்படிப் பிறக்கும் என்பதுதானே இங்கே கேள்வியே!

மல்லி, நீங்கள் எழுதியது அப்படியே என் கதை. எனக்கு இரண்டரை வருடம் ஓடிப்போனது. வெஜைனிஸ்மஸ் என்றார்கள். இமைக்குள் தூசி விழப்போனால் கண் தானாக மூடிக்கொள்கிறது அல்லவா, அதுபோல இடுப்பின் அடித்தளத் தசை இறுகிக்கொள்கிறது. நாம் வேண்டுமென்று செய்வதில்லை. "ரிலாக்ஸ் பண்ணும்மா" என்று சொன்னால் விட்டுவிடுமா?

ஆபரேஷனுக்கு அவசரப்படாதீர்கள். உங்களைச் சோதிக்கவே முடியாதபோது சவ்வு கெட்டி என்று எப்படித் தெரிந்தது? மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதென்றால் பாதை முழுக்க மூடிக் கிடக்கவில்லை. சவ்வில் கோளாறு அரிதாக இருக்கலாம், அதைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். எனக்குக் கடைசியில் கிடைத்த டாக்டர் முதல் நாள் தொடவே இல்லை. இரண்டாம் முறை என் கையில் கண்ணாடியைக் கொடுத்து, காது குடையும் பஞ்சுக் குச்சியால் வெளிப்பக்கம் மட்டும் ஒவ்வொரு இடமாகத் தொட்டு எங்கே எரிகிறது என்று கேட்டார். தொற்று, புண் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். நிறுத்து என்றால் நிறுத்தினார். அதுவே எனக்குப் பாதி வைத்தியம்.

பிசியோதெரபிஸ்ட் மூச்சை வயிற்றுக்கு இழுத்து, அந்தத் தசையைத் தளர்த்தக் கற்றுக்கொடுத்தார். யூடியூப் பார்த்து நான் செய்துகொண்டிருந்தது இறுக்கும் பயிற்சி, கெகல். ஏற்கெனவே இறுகியிருப்பதை இன்னும் இறுக்கியிருக்கிறேன்! அப்புறம் ஜெல் தடவி டைலேட்டர், அதாவது உள்ளே வைத்துப் பழக்கும் வழவழப்பான குச்சி. சுண்டுவிரல் பருமனில் ஆரம்பித்து ஒவ்வொரு அளவாக, தினம் பத்து நிமிடம், கதவைத் தாழிட்டுக்கொண்டு. முதல் அளவுக்கே மூன்று வாரம் ஆனது. அழுதேன்.

உறவுக்கு முயலவே கூடாது என்று எங்கள் இருவருக்கும் தடை போட்டதுதான் பெரிய விஷயம். தொடலாம், தடவிக்கொடுக்கலாம், அதோடு சரி. மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்க ஜோடி 1970-ல் எழுதிவைத்த முறையாம். பரீட்சை இல்லை என்று தெரிந்ததும் என் வீட்டுக்காரருக்குப் போன விறைப்பு தானாகத் திரும்பியது, ஒரு மாத்திரையும் இல்லாமல். ஏழு மாதத்தில் கூடிவந்தது. யாருக்குக் கோளாறு என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வலியைப் பார்த்து அவர் பயந்தார், அவர் ஒதுங்கியதைப் பார்த்து நீங்கள் இன்னும் இறுகினீர்கள். தனித்தனியாகப் போகாதீர்கள். மகளிர் மருத்துவரோடு மனநல மருத்துவரும் இருக்கும் இடமாகப் பாருங்கள்.

கரூர்_மல்லி:
அக்கா, இதை அவரிடம் படிக்கக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "காலையில் இருக்கு" என்று மட்டும் சொன்னார்! இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். வேறு டாக்டரிடம் புதன்கிழமைக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம், அவரும் லீவு போட்டிருக்கிறார். அத்தையிடம் பல் டாக்டர் என்று சொல்லிவைத்திருக்கிறோம்.