பெயரில்லாமல் ஒரு பத்திரிகை: நடத்தியவர்கள், எழுதியவர்கள், வாங்கியவர்கள் சொல்லுங்கள்

நடத்திய ஐந்து பேரில் ஒருத்தி

நானே ஆரம்பிக்கிறேன். 2014 மார்ச்சிலிருந்து 2020 மார்ச் வரை சென்னையில் ஒரு காலாண்டிதழ் கொண்டுவந்தோம். பெண்ணியம், தன்பாலீர்ப்பு, திருநர் வாழ்க்கை எல்லாம் ஒரே இதழில். 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை மறுபடி உயிர்ப்பித்தது, அந்தக் கோபத்தில் பிறந்தது. கணக்குப்படி 25 வந்திருக்க வேண்டும். வந்தது 17. காலாண்டிதழ் என்பது ஆசை, அவ்வளவுதான்.

எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பெயர் போட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை. உள்ளே முக்கால்வாசி புனைபெயர். ஆனால் அப்போதிருந்த 1867-ஆம் வருடத்து அச்சகச் சட்டப்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் இடமும் இருந்தாக வேண்டும். சிற்றிதழ் வழக்கப்படி ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று பின்னட்டையில் போட்டுவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். வக்கீல் தோழி ஒருவர் சிரித்தார். கடைசியில் அறுபது தாண்டிய ஒரு அக்காதான், “என் பேரைப் போடுங்கடி, எனக்கு வரன் பாக்க யாரு மிச்சம் இருக்கா” என்று முன்வந்தார். 17 இதழிலும் அவர் பெயர்தான்.

இரண்டாம் இதழில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு பெண் தன் பழைய காதலியைப் பற்றி எழுதிய மூன்று பக்கம், கையெழுத்துப் பிரதி. திருவல்லிக்கேணியில் ஒரு டிடிபி கடையில் கொடுத்தோம். மெய்ப்பு பார்த்தது நான். கதை முன்னமே தெரியும் என்பதால் கண் தானாக ‘அவளை’ என்று படித்துக்கொண்டே போய்விட்டது. 300 பிரதி ஜெராக்ஸ் எடுத்து, நடுவில் பின் அடித்து, அடுக்கி வைத்த பிறகு எழுதியவரே வந்து புரட்டினார். நாலு இடத்தில் ‘அவனை’. கடைக்குப் போனால் தம்பி பெருமையாகச் சொல்கிறான், “நாலு எடத்துல தப்பா இருந்துச்சுக்கா, நானே சரி பண்ணிட்டேன்.”

300 பிரதி, நாலு இடம், 1,200 திருத்தம். ‘ன’வைப் பேனாவால் ‘ள’ ஆக்கிப் பார்த்தோம், எழுத்தே தெரியாமல் கறுப்புப் பொட்டுதான் மிஞ்சியது. அப்புறம் சொல்லையே அடித்துவிட்டு மேலே எழுதினோம். இரண்டு ராத்திரி, ஐந்து ஜெல் பேனா. எழுதியவர் எங்களை மன்னிக்கவில்லை, இரண்டு வருடம் ஒரு வரி தரவில்லை. அவர் கோபம் நியாயம்தான்.

அந்தத் தம்பியிடம் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். “சரிக்கா.” அடுத்த இதழிலிருந்து சந்தேகம் வந்தால் பென்சிலில் வட்டம் போட்டு போன் செய்வான்: “இங்க அவனா, அவளா? நீங்க சொல்றதுதான்.”

கரூர்ப் பக்கத்து வாசகன்

உங்கள் சந்தாதாரன்தான் நான். 2015. முதல் பிரதி புக் போஸ்ட்டில் வந்தது. அப்போது புக் போஸ்ட் என்றால் கவரை ஒட்டக் கூடாது, தபால்காரர் பிரித்துப் பார்க்க வசதியாக வாய் திறந்திருக்க வேண்டும். தபால்காரருக்கு வசதி என்றால் வீட்டில் எல்லோருக்கும் வசதி. அண்ணன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். காலேஜ் ப்ராஜெக்ட் என்றேன். “சைக்காலஜியா?” என்றார். ஆமாம் என்றேன். நான் படித்தது பி.காம்.

அன்றைக்கே ஒரு கார்டு போட்டேன்: ‘இனி அனுப்ப வேண்டாம். பணம் திருப்ப வேண்டாம்.’ ஊர்த் தபால் ஆபீசில் போடப் பயந்து, கரூர் பஸ் ஸ்டாண்டு வரை போய்ப் பெட்டியில் போட்டது ஞாபகம் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து கோயம்புத்தூர் மேன்ஷன் விலாசத்துக்கு மறுபடி சந்தா கட்டினேன்.

நடத்திய ஐந்து பேரில் ஒருத்தி

உங்கள் கார்டு அப்போது பெரிய சண்டையைக் கிளப்பியது. 48 பக்க இதழ், கவரோடு 70 கிராமுக்கு மேல் வரும். புக் போஸ்ட்டில் 7 ரூபாய். ஒட்டிய கவர் என்றால் அது கடிதம், 20 கிராமுக்கு 5 ரூபாய் வீதம் 20 ரூபாய். இதழ் விலையே 30. பொருளாளர் முடியவே முடியாது என்றார். உங்கள் கார்டை மேஜையில் வைத்தோம். அதிலிருந்து ஒட்டிய கவர்தான், அனுப்புநர் இடத்தில் பெயர் கிடையாது, வக்கீல் ஆபீஸ் விலாசம் மட்டும். பக்கத்தை 32 ஆகக் குறைத்து ஒரு கவருக்கு 5 ரூபாய் மிச்சம் பிடித்தோம். கவிதைகள் நிறைய வெளியே போயின. சில போனதில் எனக்கு வருத்தம் இல்லை.

விழுப்புரத்திலிருந்து, திருநங்கை

நல்லதை மட்டும் சொல்லச் சொன்னால் நான் வரவில்லை. சித்திரை மாதம் வந்தால் எல்லாப் பத்திரிகைக்கும் எங்கள் ஞாபகம் வரும். கூவாகம், தாலி அறுப்பு, அழுகிற முகத்தின் குளோசப். நீங்களும் முதலில் அதைத்தான் கேட்டீர்கள். “அக்கா, உங்க வலியை எழுதுங்க.” வலி என்றால் முழங்கால் வலிதான் இருக்கிறது, எழுதவா என்று கேட்டேன்.

அப்புறம் அந்த மார்ச் 8 சிறப்பிதழ்க் கூட்டம். பெண்கள் இதழில் இவர் எதற்கு என்று ஒரு தோழர் கேட்டார், நான் அங்கேயே உட்கார்ந்திருக்கும்போது. என்னைப் பார்க்காமல் டீ டம்ளரைப் பார்த்துக் கேட்டார். நீங்கள் ஐந்து பேரும் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சொன்னீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் டீ ஆறிவிட்டது.

நான் எழுதிக் கொடுத்தது ரவிக்கை தைப்பதைப் பற்றி. எங்களுக்குக் கூசாமல் அளவெடுக்கும் டெய்லரை எப்படிக் கண்டுபிடிப்பது, அளவு ரவிக்கை கொடுத்தால் போதும் என்கிற ஆளிடம் ஏன் போகக் கூடாது, தோள் அகலத்துக்கு எத்தனை இன்ச் தளர்வு விடச் சொல்ல வேண்டும். அதை ‘கட்டுரை’ என்று போடலாமா என்று உங்களுக்குள் ஒரு விவாதம். அந்த இதழுக்கு வந்த கடிதத்தில் பாதி எனக்குத்தான். பாதிப் பேர் டெய்லர் நம்பர் கேட்டார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து

இங்கே உங்கள் இதழ் பிடிஎஃப்-ஆகத்தான் சுற்றியது. கோப்பின் பெயரை ‘உயர்தரம் வணிகக்கல்வி வினாத்தாள்’ என்று மாற்றித்தான் அனுப்புவோம். ஒருமுறை ஒரு சிநேகிதியின் தங்கைச்சி நிஜமாகவே பரீட்சைக்கென்று அதைத் திறந்துவிட்டாள்.

எங்கள் தண்டனைச் சட்டக் கோவையில் தன்பாலுறவைத் தண்டிக்கிற 365ஏ பிரிவு முன்பு ஆண்களைப் பற்றித்தான் பேசியது. 1995-இல் திருத்தும்போது பாலினச் சொல்லை எடுத்துவிட்டார்கள், பெண்களும் உள்ளே வந்துவிட்டோம். சமத்துவம் முதலில் வந்து சேர்ந்த இடம் இதுதான். உங்கள் ஆசிரியர் குழுவிடம் ஒரு குறை: எங்கள் ஆட்களின் எழுத்தில் ‘கதைத்தோம்’ என்றிருந்ததைப் ‘பேசினோம்’ என்று மாற்றியிருந்தீர்கள். அந்த டிடிபித் தம்பியை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்?

மெய்ப்பு பார்த்தவர், பத்தாம் இதழிலிருந்து

‘கதைத்தோம்’ என்பதை மாற்றியது நான்தான். மன்னிக்கவும்.

அவன், அவள் தகராறு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் ‘நான் வந்தேன், நீ போனாய்’ என்று எழுதினால் ஆணா பெண்ணா என்றே தெரியாது. பலர் அந்தச் சந்துக்குள் புகுந்துதான் எழுதினார்கள், முழுக் காதல் கதையும் நான், நீ மட்டும். மூன்றாம் ஆள் வந்தால்தான் வினை. ‘அவர்’ என்று போடலாம், ஆனால் தன் வயதுக் காதலியை ‘அவர்’ என்றால் மாமியார் மாதிரி இருக்கிறது என்று ஒருத்தி திருப்பி அனுப்பினாள். அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியமே சொல்கிறதே, நம் ஆட்களின் புனைபெயருக்கு இலக்கண ஆதாரம் கிடைத்துவிட்டது என்று நான் சொல்லிக்கொண்டிருப்பேன். யாரும் சிரித்ததில்லை.

சொற்களுக்குத்தான் அதிக நேரம் போனது. ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்றால் ஆளை விட்டுவிட்டுப் படுக்கையை மட்டும் காட்டுகிறது என்று சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தோம். 2022-இல் சென்னை உயர் நீதிமன்ற வழக்கை ஒட்டித் தமிழக அரசே ஒரு சொற்பட்டியல் வெளியிட்டது. ‘க்வியர்’ என்பதற்கு ‘பால்புதுமையர்’ என்ற சொல் அரசிதழில் வந்த அன்று பழைய பட்டியலைத் தேடினேன். வீடு மாறியதில் போய்விட்டது.

நடத்திய ஐந்து பேரில் ஒருத்தி

கடைசி இதழ் ஊரடங்கில் ஜெராக்ஸ் கடைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. கடை திறந்தபோது பாதி கரையான். அதற்குப் பிறகு பணமும் இல்லை, நாங்களும் ஐந்து ஊரில்.

மிச்சம் இருந்தது சந்தா நோட்டு. அதில் மட்டும்தான் எல்லோருடைய உண்மைப் பெயரும் விலாசமும். பழைய பேப்பர்க்காரரிடம் போட முடியாது. எரித்தால் அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். பக்கம் பக்கமாகக் கிழித்து வாளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்தேன். நீல மை முதலில் கரைந்தது, பால்பாயிண்ட் போகவே இல்லை, கையால் பிசைய வேண்டியிருந்தது.

ஒரு கேள்வி. இரண்டாம் இதழ் யாரிடமாவது இருக்கிறதா? எங்களிடம் ஒன்றுகூட இல்லை.

கரூர்ப் பக்கத்து வாசகன்

இருக்கிறது. மேன்ஷனில் ஒரு நண்பன் கொடுத்தது. முன்னட்டை இல்லை, பேனாத் திருத்தம் நாலும் இருக்கிறது. விலாசம் அனுப்புங்கள், ஒட்டிய கவரில் போடுகிறேன்.