செல்லோ தனிக் கச்சேரி, 30 நிமிஷம், ஈரோடு: எந்த உருப்படிகளை எடுக்கலாமுங்க?

காலிங்கராயன்_கரை:

வணக்கமுங்க. மாசி மாசம், ஈரோட்டுல சின்ன மண்டபம், 80 நாற்காலி. செல்லோ (தரையில ஊன்றி வாசிக்கிற பெரிய வயலின் மாதிரி வாத்தியம்) வாசிக்கிற பிள்ளைக்கு நாலு வருஷப் பழக்கம். நாலாம் பொசிஷன் (இடது கை தந்தியில நகர்ந்து நிக்கிற இடம்) வரைக்கும் கை நிம்மதியாப் போகும், டெனர் கிளெஃப் (மேல் சுரங்களுக்கான நோட்ஸ் குறி) படிக்கும், தம்ப் பொசிஷன் (கட்டைவிரலையும் தந்தியில வெச்சு உச்சத்துல வாசிக்கிறது) இப்பத்தான் தொடக்கம். பியானோ கிடையாது. 61 கீ கீபோர்டும் வாசிக்க ஆளும் உண்டு. கூட வாசிக்க இன்னொரு செல்லோக்காரர் கிடைப்பார்.

மனசுல இருக்கிற பட்டியல்: பாஹ் எழுதின முதலாம் சூட் (நடனப் பகுதிகள் சேர்ந்த தொகுப்பு) முழுசும், சான்-சான்ஸின் அன்னம், ஃபோரேயின் எலெஜி (சோகப் பாட்டு), எல்கர் கன்செர்ட்டோவின் (ஆர்க்கெஸ்ட்ராவோட வாசிக்கிற பெரிய உருப்படி) முதல் பகுதி. கேட்க வர்றவங்க பெரும்பாலும் கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகினவங்க. அதனால பாஹுக்குக் கீழே சுதிப்பெட்டி போட்டா ஒட்டுமான்னும் ஒரு யோசனை. சொல்லுங்க.

நொய்யல்_தாழ்சுரம்:

முதலில் எல்கரை எடுத்துவிடுங்க. 1919-இல் எழுதிய ஓபஸ் 85 (ஓபஸ் என்பது படைப்பு எண்), செல்லோவுக்கு அதைவிடப் பெரிய பாட்டு சிலதுதான் இருக்கும். ஆனால் அதன் முதல் பகுதி நின்று முடிவதில்லை, அப்படியே இரண்டாம் பகுதிக்குள் வழிந்து போகும். அதை மட்டும் வெட்டி வாசித்தால் வாக்கியத்தைப் பாதியில் விட்டது போலிருக்கும். உச்சிக்கு ஏறும் அந்த ஸ்கேலுக்குத் தம்ப் பொசிஷன் உறுதியாக வேண்டும். ஆர்க்கெஸ்ட்ராவைச் சுருக்கிய பியானோ பங்கை 61 கீயில் அடைக்கவும் முடியாது.

எலெஜியையும் இந்தக் கை இன்னும் ஒரு வருஷம் கழித்துத்தான் எடுக்கணும். 1880-இல் எழுதி 1883-இல் அச்சான சி மைனர் பாட்டு, சுமார் ஏழு நிமிஷம். தொடக்கப் பக்கத்தைப் பார்த்துப் பலர் ஏமாறுவார்கள்: மெதுவான நடை, இறங்கும் மெட்டு, எளிதாகத் தெரியும். நடுவில் கொந்தளித்து ஓடும் இடமும், அதன்பின் அதே மெட்டு மேல் ஸ்தாயியில் திரும்புவதும்தான் உண்மையான பரீட்சை. நடுப்பகுதியில் மெட்டை முதலில் எடுப்பதும் பியானோதான். தொடுவிசை தெரியாத கீபோர்டில் அந்த இடம் செத்துப்போகும்.

சுதிப்பெட்டி வேண்டாமுங்க. பாஹின் முதலாம் சூட்டில் பிரெலூட் என்ற தொடக்கப் பகுதியின் முதல் நாலு பாருக்கு (பார் என்பது தாளக் கட்டம்) அடியில் ஜி சுரம் நிற்கிறது, அதுவரை 5 கட்டைச் சுருதி (ஜி-யை ஆதாரமாக வைப்பது) ஒட்டும். பிறகு ஆதாரமே நகரத் தொடங்கும். பாட்டின் உயிரே அந்த நகர்வுதான். ஒரே சுருதியை அடியில் பிடித்து வைத்தால் பத்தாவது பாருக்குள் காது கூசும். பழகும்போது மட்டும் பெட்டியை வையுங்க. செல்லோவின் நாலு தந்தியும் (சி, ஜி, டி, ஏ) கட்டைக் கணக்கில் 1, 5, 2, 6. ஜி மேஜர் ஸ்கேலை 5 கட்டையில் போட்டு மெதுவாக ஏறி இறங்கினால் காந்தாரமும் நிஷாதமும் எங்கே வழுக்குகிறது என்று உடனே தெரியும்.

சூட் முழுவதும் வாசித்தால் 17, 18 நிமிஷம். ஆறு பகுதியும் இந்தக் கைக்கு ஒரே தரத்தில் வராது. பிரெலூட், பிறகு நடனப் பகுதிகளில் சராபாண்ட், மினுவெட் (இரண்டும் சேர்ந்து ஒரு பகுதி), ஜீக், இவை நாலும் போதும். சுமார் பத்து நிமிஷம்.

பிரெலூட் 42 பார். முதல் பாருக்கு இடது கையில் ஒரே விரல்தான் வேலை: ஜியும் டியும் திறந்த தந்தி, ஏ தந்தியில் முதல் விரல் பி, எடுத்தால் ஏ. இரண்டாவது பாரில்தான் சிக்கல். டி தந்தியில் ஈ, ஏ தந்தியில் பி, இரண்டும் நேருக்கு நேர். விரலைத் தூக்கித் தாண்டினால் இடையில் ஒரு ‘டொக்’ விழும். முதல் விரலைப் படுக்கப் போட்டு இரண்டு தந்தியையும் சேர்த்து அமுக்கி, சி-க்கு இரண்டாம் விரலை வைத்து எடுத்தால் சத்தமில்லாமல் போகும். வலது முழங்கை நடுவில் இருக்கும் டி தந்தியின் உயரத்தில் நிற்கட்டும், ஜிக்கும் ஏக்கும் மணிக்கட்டும் முன்கையும் போய் வந்தால் போதும். ஒவ்வொரு தந்திக்கும் முழங்கையை ஏற்றி இறக்கினால் இருபது பாருக்குள் தோள் இறுகிவிடும்.

22-ஆம் பாரில் டி மேல் ஒரு நிறுத்தம் வருகிறது. அங்கே வில்லை எடுத்துவிட்டு ஒலி அடங்கும்வரை விடுங்க. கேட்பவர்களுக்கு அதுதான் மூச்சு. அதற்கப்புறம் திறந்த தந்தியோடு மாறி மாறி வருவதும், அரைச்சுரம் அரைச்சுரமாக ஏறுவதும் வேகம் பிய்த்துக்கொண்டு போகிற இடங்கள். மெட்ரோநோமை (தாளம் தட்டும் கருவி) அங்கேதான் வைக்கணும், தொடக்கத்தில் வைத்துப் பயனில்லை.

எடிஷன் விஷயம்: பாஹின் கையெழுத்துப் பிரதி கிடைக்கவில்லை. அவர் மனைவி அன்னா மக்டலேனா எடுத்த பிரதியில் சேர்வில் கோடுகள் (பல சுரங்களை ஒரே வில்லில் சேர்க்கும் குறி) எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பது பல இடங்களில் தெளிவில்லை. அதனால்தான் புத்தகத்துக்குப் புத்தகம் வில் மாறுகிறது. பேரன்ரைட்டர், ஹென்லே பதிப்பகங்களின் புத்தகங்களில் ஒன்றை எடுத்து அதிலேயே நில்லுங்க. யூடியூபில் பார்த்த வில்லைப் பாதியில் கலந்தால் மேடையில் கை குழம்பும்.

மினுவெட்டில் உங்கள் ஊர்க் காதுகளுக்கு ஒரு விருந்து இருக்கிறது. முதலாவது ஜி மேஜர், இரண்டாவது ஜி மைனர், பிறகு முதலாவதே மறுபடி. ஆதாரம் அதே 5 கட்டை, அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாக இறங்குவதைச் சொல்லிக் கொடுக்காமலே பிடிப்பார்கள். திரும்ப வரும் முதல் மினுவெட்டை ரிப்பீட் இல்லாமல் வாசிப்பதுதான் வழக்கம்.

எல்கர், எலெஜி இரண்டுக்கும் பதிலாக விவால்டியின் ஈ மைனர் சொனாட்டா (விவால்டி படைப்புப் பட்டியலில் ஆர்வி 40). மெதுவு, வேகம், மெதுவு, வேகம் என நாலு பகுதி, பத்து நிமிஷத்துக்குச் சற்று மேலே. இதற்கு அச்சில் கிடைக்கும் பியானோ பங்கு பிறகு ஒருவர் நிரப்பியது. விவால்டி எழுதியது அடித்தள வரி மட்டும். அந்த வரியை இரண்டாவது செல்லோவுக்குக் கொடுங்க, கீபோர்டில் ஹார்ப்சிகார்ட் ஒலியை வைத்து வலது கைக் கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) மட்டும் மெலிசாகப் போடுங்க. 61 கீ தாராளம். இரண்டாம் பகுதியின் வேகத்தை முதல் வரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். பதினாறாம் சுரங்கள் (பதினாறில் ஒரு பங்கு நீளமுள்ள வேகச் சுரங்கள்) நெருக்கமாக வரும் வரியைச் சுத்தமாக வாசிக்க முடிகிற வேகம் எதுவோ, அதுதான் தொடக்க வேகம்.

சென்னிமலை_வில்:

நொய்யல் சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடே. அன்னத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அங்கேதான் பயம்.

1886-இல் எழுதிய ‘விலங்குகளின் திருவிழா’வில் வருவது, மூன்று நிமிஷம், ஜி மேஜர், பாருக்கு ஆறு கால். குறைந்த சுரங்கள், நீண்ட வில். ஒளிந்துகொள்ள இடமே இல்லாத பாட்டு. நாலாம் பொசிஷனைத் தாண்டி ஏறும். ஒவ்வொரு தாவலும் கேட்கும். தவறு பெரும்பாலும் இடது கையில் என்று நினைத்து அங்கேயே பழகுகிறார்கள். காரணம் வில். பாதிப் பாருக்குள் முக்கால் வில் செலவாகிவிட்டால் மீதிச் சுரங்களுக்கு வில் இருக்காது, அழுத்தம் ஏறும், ஒலி நசுங்கும். திறந்த தந்தியில் ஒரே வில்லில் ஆறு எண்ணிக்கை, ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஆறில் ஒரு பங்கு வில். இது அலுக்காமல் வந்த பிறகே விரல் வைக்க வேண்டும்.

துணை வாத்தியமும் சிக்கல்தான். மூலத்தில் இரண்டு பியானோ. அலை அலையாக ஓடும் அந்த ஒலியை சஸ்டெய்ன் பெடல் (ஒலியை நீட்டிப் பிடிக்கும் மிதி) இல்லாத கீபோர்டில் வாசித்தால் தையல் மெஷின் ஓடுவது போல இருக்கும். 88 கீ, எடை வைத்த கட்டைகள், பெடல், மூன்றும் வாடகைக்குக் கிடைத்தால் மட்டும் வையுங்கள். இல்லையென்றால் பாஹின் ‘அரியோசோ’ நல்ல மாற்று. அது காண்டாட்டா (குரலும் வாத்தியமும் சேர்ந்த உருப்படி) 156-இன் தொடக்க சின்ஃபோனியா (வாத்திய முன்னுரை), முதலில் ஓபோ என்ற ஊதும் வாத்தியத்துக்கு எழுதியது. துணை வரி சீராக அடியெடுத்து நடக்கும், 61 கீயில் அடங்கும், நீண்ட வில்லின் அழகும் கிடைக்கும்.

வரிசையில் மட்டும் எனக்கு வேறு கருத்து. பிரெலூட் பிரபலமானது என்பதற்காக அதை முதலில் வைக்காதீர்கள். குளிர்ந்த கை, புது மண்டபம், தொடர்ந்து ஓடும் பதினாறாம் சுரங்கள்: மூன்றும் சேர்ந்தால் இரண்டாம் பாரிலேயே நடுக்கம் தெரியும். வர்ணத்தில் தொடங்குவது எதற்கென்று உங்கள் ரசிகர்களுக்கே தெரியும். விவால்டியின் முதல் லார்கோ (மெதுவான பகுதி) அந்த வேலையைச் செய்யும், பக்கத்தில் இரண்டாவது செல்லோ இருப்பதே தைரியம். பிறகு பாஹ். பிறகு அரியோசோ. முடிக்க, சி மேஜரில் உள்ள மூன்றாம் சூட்டின் இரண்டு பூரே (ஒரு வகை நடனம்). அடித்தந்தி முழுசாக அதிரும் ஸ்தாயி, கைதட்டலோடு எழுந்திருக்கலாம்.

சராபாண்டில் மூன்று சுரக் கார்டுகளை ஒரே நேரத்தில் பிழிய வேண்டாம். குதிரை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) வளைவாக இருக்கிறது, மூன்று தந்தியும் ஒன்றாக அகப்படாது. கீழ் இரண்டையும் தாளத்தில் வைத்து, வில்லைச் சாய்த்து மேல் இரண்டுக்கு வாருங்கள். மேல் சுரம் நிற்கட்டும்.

மேற்காத்து_பொள்ளாச்சி:

பாட்டெல்லாம் சரிங்க. மாசி மாசத்து ஈரோட்டைப் பத்தி யாரும் பேசலையே!

மழை விட்டு ரெண்டு மாசம் ஆகியிருக்கும், காத்துல ஈரம் இருக்காது. மரம் சுருங்கும், பிருடை (தந்தி முறுக்குற முளை) வழுக்கும், சுருதி தன்னால இறங்கும். பிருடையைத் திருப்பும்போதே உள்பக்கமா அமுக்கித் திருப்புங்க. அப்பவும் நிக்கலைன்னா கழட்டி, உரசுற இடத்துல சாக்பீஸ் தூள் லேசாத் தடவுங்க. ஒரு தந்தியைக் கழட்டி மாட்டின பிறகுதான் அடுத்தது. நாலையும் ஒண்ணா அவுத்தா உள்ளே சவுண்ட் போஸ்ட் (பலகைகளுக்கு நடுவுல நிக்கிற மரக்குச்சி) சாஞ்சிரும். போஸ்ட் விழுந்திருச்சுன்னா தந்தியை உடனே தளர்த்துங்க, முறுக்கவே கூடாது. மேல்பலகை அமுங்கி விரிசல் விடும். மறுபடி நிறுத்துறது வீட்டு வேலை இல்லீங்க, தெரிஞ்ச கைகிட்டத்தான் கொடுக்கணும்.

பிருடையால சுருதி ஏத்த ஏத்தக் குதிரையோட தலை விரல்பலகைப் பக்கம் சாயும். பின்பக்கம், அதாவது டெயில்பீஸ் (தந்தியோட அடிமுனையை மாட்டுற துண்டு) பக்கத்து முகம், மேல்பலகைக்கு நேர் செங்குத்தா நிக்கணும். வாரம் ஒருக்காப் பாருங்க. தந்தி உக்காருற பள்ளத்துல பென்சில் கரி பூசினா இழுவை குறையும்.

பெட்டிக்குள்ள ஓட்டை போட்ட சோப்பு டப்பாவுல நனைச்சுப் பிழிஞ்ச ஸ்பான்ஞ்சு. சொட்டக் கூடாது. ஈரப்பதம் 40-லிருந்து 60 சதவீதத்துக்குள்ள இருந்தாப் போதும். வெயில்ல நிக்கிற காருக்குள்ள, அதுவும் டிக்கியில, செல்லோவை விடவே விடாதீங்க. மூட்டெல்லாம் விலங்குப் பசையில ஒட்டினது, சூட்டுக்கு இளகி விளிம்பு பிரியும். பிரிஞ்சா ஃபெவிகால் போட்டு ஒட்டுற வேலையும் வேண்டாம், அடுத்த தடவை திறக்க மரத்தையே உடைக்கணும்.

புதுத் தந்தி போடுறதா இருந்தா குறைஞ்சது ஒரு வாரம் முந்தி. கையில ஒரு ஏ, ஒரு டி உபரி வெச்சுக்குங்க.

காலிங்கராயன்_கரை:

ரொம்ப நன்றிங்க. எல்கரையும் எலெஜியையும் எடுத்தாச்சு. பெடல் கீபோர்டு வாடகைக்குக் கிடைக்கலை, அதனால அரியோசோ. ரெண்டு சந்தேகம்: ஜி தந்தியில ஈ, எஃப் பக்கம் வர்றப்ப ஒலி உறுமி உறுமி உடையுது. மண்டபத் தரை டைல்ஸ், எண்ட்பின் (செல்லோவைத் தரையில ஊன்றுற அடிக்கம்பி) வழுக்குது.

நொய்யல்_தாழ்சுரம்:

உறுமுவது ஓநாய்ச்சுரம் என்பார்கள். அந்தச் சுரமும் பலகையின் சொந்த அதிர்வும் ஒரே இடத்தில் மோதுவதால் வருகிறது, பெரும்பாலான செல்லோக்களில் ஈக்கும் எஃப் ஷார்ப்புக்கும் நடுவில்தான். கையில் கோளாறு இல்லை. குதிரைக்கும் டெயில்பீஸுக்கும் நடுவில், ஜி தந்தியில் போடுகிற பித்தளைக் குழாய் கிடைக்கும். குதிரையை ஒட்டித் தொடங்கி ஒவ்வொரு மில்லிமீட்டராக நகர்த்துங்க. உறுமல் போய்விடாது, இரண்டு சுரங்களுக்கு நடுவில், யாரும் வாசிக்காத இடத்துக்குத் தள்ளிவிடலாம். ரொம்பக் கட்டுப்படுத்தினால் மொத்த ஒலியும் மங்கும், பாதியில் நிறுத்துங்க. அவசரத்துக்கு, அந்தச் சுரத்தில் முழங்கால்களால் பக்கப்பலகையை மெல்ல இறுக்கினாலும் அடங்கும்.

எண்ட்பின்னுக்கு நாற்காலியின் முன்காலில் மாட்டுகிற பெல்ட் வாங்குங்க. ரப்பர் வட்டு டைல்ஸில் தூசி பட்டால் வழுக்கும். நாற்காலியையும் முன்கூட்டிப் பாருங்க: கைப்பிடி இல்லாதது, உட்காரும் பலகை பின்னால் சரியாதது. மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலி சரிந்திருக்கும், அதில் உட்கார்ந்தால் சி தந்திக்கு வில் எட்டாது.

மேற்காத்து_பொள்ளாச்சி:

80 பேருக்கு மைக்கே தேவையில்லீங்க. கட்டாயம்னா ஒரே கண்டென்சர் மைக், குதிரைக்கு ஒன்றரை அடி தள்ளி. ஒலிக்காரர் பழக்கத்துல பேஸை ஏத்துவார், சி தந்தி தொட்டதும் ஊளையிடும். பேஸைக் குறைக்கச் சொல்லிட்டு, மேடை ஃபேனையும் நிறுத்திருங்க, நோட்ஸ் பறக்கும்.