எதிர் ஃபிளாட் பாட்டியின் பழந்துணி: துவைக்கலாமா?

கேள்வி:
நியூயார்க்கில் வாஷிங்டன் ஹைட்ஸில் இருக்கிறேன். நான் சேலைக்குப் பூவேலை செய்பவள் என்று எதிர் ஃபிளாட் யூதப் பாட்டிக்குத் தெரியும். நேற்று ஒரு ஷூ டப்பாவோடு வந்தார். உள்ளே லினன் துணி. ஒரு சாண்தான் அகலம், பிரித்தால் கூடத்தைத் தாண்டி ஓடுகிறது. நாலு துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்திருக்கிறார்கள். நெடுக எபிரேய எழுத்து, நடுவில் இரண்டு மீன்கள். இறந்துபோன கணவருடையதாம். 1938 கோடையில் ஜெர்மனியிலிருந்து கப்பலேறியபோது மாமியார் எடுத்து வந்தாராம். ஓரமெல்லாம் பழுப்பு. துவைத்துத் தரச் சொல்கிறார். ஈரப் பஞ்சை ஒரு மூலையில் ஒற்றினேன், சிவப்பு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது! தையல் என்று நினைத்தது பூராவும் வண்ணத்தில் தீட்டியது. என்ன செய்ய?

பதில் 1:
அக்கா, தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள். இதன் பெயர் விம்பெல். எட்டாம் நாள் விருத்தசேதனத்தின்போது குழந்தைக்கு விரித்த துணியைத் துவைத்து, நாலாகக் கிழித்து, நீளவாக்கில் தைத்து, பெயரும் பிறந்த தேதியும் எழுதுவார்கள். ‘தோராவுக்கும் மணப்பந்தலுக்கும் நற்செயலுக்கும் வளரட்டும்’ என்று வாழ்த்து முடியும் (தோரா என்பது யூதர்களின் வேதம்). பையனுக்கு மூன்று வயதுவாக்கில் ஜெப ஆலயத்தில் கொடுப்பார்கள், தோராச் சுருளைச் சுற்றிக் கட்ட. மாமியார் அதைக் கையோடு கொண்டுவந்தது நல்லதாயிற்று. அந்த நவம்பரில் நாஜிகள் யூத ஆலயங்களைக் கொளுத்தியபோது இதுபோல எத்தனையோ சாம்பலாகிவிட்டன.

பதில் 2:
டப்பாவில் மடித்து வைக்க வேண்டாம். பட்டுச்சேலையை மடிப்பு மாற்றி வைப்போமே, அதே கதைதான்: மடிப்பில்தான் முறியும். அமிலமில்லாத தாளை இடையில் கொடுத்து, அகலமான குழாயில் சுருட்டுங்கள். பிளாஸ்டிக் உறை கூடாது. அப்புறம், அந்த மீன்கள் மீன ராசி. யூத நாட்காட்டியில் ஆதார் மாதம், நம் கணக்கில் மார்ச் வாக்கில். எபிரேயத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு; யூத வருஷத்தையும் எழுத்தில்தான் எழுதியிருப்பார்கள், ஐயாயிரத்தை விட்டுவிட்டு. கூட்டி வருவதோடு 1240 சேருங்கள், ஆங்கில வருஷம் கிடைக்கும்.

கேட்டவர்:
பாட்டி ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுச் சொன்னார்: 400, 200, 80, 8. ஆக 1928. “அவர் பிறந்தநாளுக்கு எப்போதும் பனி கொட்டும்” என்றார். குழாய்க்குச் சொல்லியாயிற்று. சிவப்பு போன மூலையைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன், கையை அசைத்துவிட்டார். கொள்ளுப்பேரனுக்கு விரித்த துணியும் பத்திரமாக இருக்கிறதாம், நான்தான் தைத்துத் தர வேண்டுமாம். எழுத்து வலமிருந்து இடமாகப் போகும். முதலில் பென்சிலில் எழுதித் தாருங்கள் என்றிருக்கிறேன்.