மாண்ட்கோமரி வெற்றி கிங்குடையதா?

வடகாற்று:
அலபாமாவின் மாண்ட்கோமரி நகரப் பேருந்துகளில் கறுப்பர்களைப் பின்வரிசைக்குத் தள்ளிய சட்டத்தை மார்ட்டின் லூதர் கிங் உடைத்தார் என்று ஆளாளுக்கு எழுதுகிறோம். உடைத்தது பிரௌடர் எதிர் கெயில் வழக்கு. தீர்ப்புவரை அதில் நின்ற மனுதாரர்கள் நான்கு பேருமே பெண்கள். அவர்களில் கிளாடெட் கால்வின், இதேபோல் எழ மறுத்துக் கைதாகிப் புகழ்பெற்ற ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 15 வயதில், இருக்கையைவிட்டு எழ மறுத்துக் கைதானவர். கிங் அந்த வழக்கில் மனுதாரரே இல்லை.

பனைநிழல்:
சரி, வழக்கு ஜெயித்தது. அதுவரை ஊரைக் கட்டிக் காத்தது யார்? அந்தச் சட்டத்தை எதிர்த்துக் கறுப்பர்கள் 381 நாள் பேருந்தில் ஏறாமல் இருந்தது விளையாட்டா? 1956 ஜனவரி 30 இரவு கிங் வீட்டில் குண்டு வீசினார்கள். உள்ளே மனைவியும் கைக்குழந்தையும். வாசலில் ஆயுதங்களோடு கூட்டம் கூடிவிட்டது. கிங் வெளியே நின்று, அமைதியாக வீட்டுக்குப் போங்கள் என்றார். போனார்கள். அன்று ஒரே ஒரு துப்பாக்கி வெடித்திருந்தால் கதையே வேறு.

வடகாற்று:
அந்த 381 நாளைத் தொடங்கி வைத்தவர் ஜோ ஆன் ராபின்சன். பார்க்ஸ் கைதான இரவே, தான் வேலை பார்த்த கல்லூரியில் பேருந்தில் ஏறாதீர்கள் என்று விடிய விடிய ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை அடித்தார். கிங்குக்கு அப்போது வயது 26, ஊருக்குப் புதுசு. தலைவராக்க அதுவே வசதி! உள்ளூரில் பகையாளி இன்னும் சேரவில்லை.

கரிசல்குயில்:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நடந்தவர்களை விட்டுவிட்டீர்கள். அவர்களில் பலர் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்த பெண்கள். அவர்களை ஏற்றிப்போகக் கார்களை முறைவைத்து ஓட்டினார்கள். நகராட்சி அதற்குத் தடையாணை வாங்கிய நாள் 1956 நவம்பர் 13. அதே நாளில்தான் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது.

வடகாற்று:
பாருங்கள், தீர்ப்பு இல்லையென்றால் காரும் போய், எல்லாம் போயிருக்கும்.

பனைநிழல்:
போகவில்லையே! உச்ச நீதிமன்ற ஆணை ஊருக்கு வந்து சேர்ந்தது டிசம்பர் 20. இடையில் ஐந்து வாரம் அந்தக் கார்களும் இல்லாமல்தானே சமாளித்தார்கள்? அந்த உறுதியை எந்த நீதிமன்றம் கொடுத்தது?

வடகாற்று:
அந்த ஐந்து வாரத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிங் பிறந்தநாளுக்கு 1986 முதல் தேசிய விடுமுறை. கால்வின் மேலிருந்த பழைய சிறார் வழக்குப் பதிவை அழிக்க 2021 ஆனது. அப்போது அவருக்கு 82 வயது.