‘கவிதையைப் பற்றி எழுது, பாட்டியைப் பற்றி அல்ல’: இந்த 4 மார்க் நியாயமா?

தென்னந்தோப்பு (கொழிஞ்சாம்பாறை, கேரள எல்லை)

வணக்கம். சின்ன விஷயம்தான், ஆனால் நாலு நாளாக வீட்டில் இதே பேச்சு. மகள் பத்தாவது வரை தமிழ் மீடியம். இப்போது பிளஸ் ஒன், எல்லாப் பாடமும் இங்கிலீஷ். ஆங்கில வகுப்பில் வேர்ட்ஸ்வொர்த்தின் ‘தி சாலிட்டரி ரீப்பர்’ நடத்திவிட்டு, படித்ததும் உனக்கு என்ன தோன்றியதோ அதைச் சொந்தமாக இரண்டு பக்கம் எழுதிவா என்றிருக்கிறார்கள்.

கவிதை தெரியாதவர்களுக்கு: ஸ்காட்லாந்து மலைப்பக்கம், வயலில் ஒரு பெண் தன்னந்தனியாகக் கதிர் அறுத்துக்கொண்டே பாடுகிறாள். வழியில் போகிறவர் நின்று கேட்கிறார். குயில்கூட இப்படிப் பாடாது என்கிறார். சோகப் பாட்டு என்கிறார். ஆனால் வார்த்தை புரியவில்லை, என்ன பாடுகிறாள் என்று எனக்கு யாரும் சொல்ல மாட்டார்களா என்றும் கேட்கிறார். அப்புறம் மலையேறிப் போய்விடுகிறார், பாட்டு மட்டும் மனதில் நிற்கிறது. மொத்தம் 32 வரி.

மகள் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன். “என் அம்மாயி வண்ணாமடைப் பக்கம் நடவுக்குப் போனவள். வரப்பில் காரியஸ்தர் கறுப்புக் குடை பிடித்து நிற்பார். பெண்கள் குனிந்த தலை நிமிராமல் இழுத்து இழுத்துப் பாடுவார்கள். அவர் தலையை ஆட்டி ஆட்டி, ‘பாவங்ஙள், எந்தொரு சங்கடம்’ (பாவம், எவ்வளவு துக்கம்) என்று மலையாளத்தில் சொல்வாராம். பாட்டு முழுக்க அவருடைய குடையையும் தொந்தியையும் பற்றியது. அதனால் வரப்பில் நின்று கேட்ட ஒருவர் சோகம் என்று சொன்னால் நான் உடனே நம்ப மாட்டேன். இந்தக் கவிஞர் ஏன் வயலில் இறங்கி அவளிடமே கேட்கவில்லை?”

10க்கு 4. ஓரத்தில் சிவப்பு மையில், ‘கவிதையைப் பற்றி எழுது, பாட்டியைப் பற்றி அல்ல.’

அவள் அழவில்லை. “அப்புறம் எதுக்கு சொந்தமா எழுதச் சொன்னாங்க?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இங்கே ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

மீனாட்சிபுரம் பஸ்

அக்கா, நான் எம்.ஏ. இங்கிலீஷ் படிக்கிறேன். ‘சொந்தமாக எழுது’ என்றால் நோட்ஸில் இருப்பதைச் சொந்தக் கையெழுத்தில் எழுது என்று பொருள். இயற்கை, தனிமை, துயரம், மூன்றையும் தூவி, கவிஞர் இயற்கை உபாசகர் என்று முடித்திருந்தால் 7 விழுந்திருக்கும். வகுப்பில் முப்பது பேர் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். வாங்கிப் பாருங்கள், முப்பது தாளிலும் ஒரே எழுத்துப்பிழை இருக்கும்.

பழைய வாத்தியார் (பொள்ளாச்சி)

31 வருடம் விடைத்தாள் திருத்தியவன் நான். 4 கொஞ்சம் கஞ்சத்தனம், நான் 5 போட்டிருப்பேன். ஆனால் அந்தச் சிவப்பு மைக் குறிப்பு சரிதான்.

ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற இலக்கிய விமர்சகர் கேம்பிரிட்ஜில் ஒரு காரியம் செய்தார். 13 கவிதைகளை எடுத்து, எழுதியவர் பெயரில்லாமல் மாணவர்களிடம் கொடுத்து, தோன்றியதை எழுதச் சொன்னார். வந்த பதில்களை வைத்து 1929இல் புத்தகமே போட்டார். படிக்கிறவர்கள் எங்கெங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் ஒன்று, கவிதையில் ஒரு சொல்லைப் பார்த்ததும் தன் சொந்த ஞாபகத்துக்குள் போய், திரும்பி வராமலே இருந்துவிடுவது. உங்கள் மகள் வண்ணாமடைக்குப் போனாள் அம்மா, ஸ்காட்லாந்துக்குத் திரும்பவில்லை. எழுத்து நன்றாக இருக்கிறது, குடையும் தொந்தியும் எனக்கே சிரிப்பு வந்தது. அது வேறு, இது வேறு.

இன்னொன்று. உங்கள் பாலக்காட்டுச் சித்தூர்த் தாலுகாவில் தமிழ் தெரியாத காரியஸ்தரா? அங்கே டீக்கடைக்காரர்கூடத் தமிழ்தானே பேசுகிறார்?

தென்னந்தோப்பு

அவர் ஒற்றப்பாலம் பக்கத்து ஆள் சார். பேசினால் பாதி புரியும். பத்துப் பேர் சேர்ந்து இழுத்துப் பாடுகிற பாட்டில் வார்த்தை எனக்கே புரியாது.

நெம்மாறைக்காரன்

நடவுக்குப் பாட்டு சரி. கதிர் அறுக்கும்போது யார் பாடுவது? குனிந்து அரிவாள் பிடித்தால் மூச்சு வாங்கவே நேரம் இருக்காது. வெள்ளைக்காரர் சும்மா அடித்துவிட்டிருக்கிறார்.

பழைய வாத்தியார் (பொள்ளாச்சி)

அறுப்புப் பாட்டும் உண்டு, எங்கள் ஊரிலேயே கேட்டிருக்கிறேன். கவிதையிலும் அவள் அறுப்பது மட்டுமில்லை, கட்டும் கட்டுகிறாள். பார்த்தீர்களா, வரியைப் படிக்காமல் பேசினால் இப்படித்தான்.

மூணாறு குளிர்

எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவன். எனக்கு வேர்ட்ஸ்வொர்த்தின் இன்னொரு கவிதை, டாஃபடில் பூக்கள் பற்றியது. அந்தப் பூவை நானும் பார்த்ததில்லை, எங்கள் டீச்சரும் பார்த்ததில்லை. நான் நீலக்குறிஞ்சியை வைத்து எழுதினேன். 2006இல் இரவிகுளம் பக்கம் மலையே நீலமாகக் கிடந்தது, அப்போது எனக்குப் பதிமூன்று வயது. டீச்சர் என்னை நிற்க வைத்து, குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒரு முறை, டாஃபடில் வருடா வருடம், இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று கேட்டார். அன்றைக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அந்தக் கேள்வியால்தான் கவிதையைத் திரும்பப் படித்தேன். அதில் பூவைப் பார்த்தது ஒரு தடவை, கட்டிலில் படுத்து நினைத்துப் பார்ப்பது பல தடவை. அதற்குக் குறிஞ்சிதான் இன்னும் பொருத்தம் என்று இப்போதும் நினைக்கிறேன். அன்றைக்கு அதைச் சொல்ல இங்கிலீஷ் வரவில்லை.

மார்க் விஷயத்தில் நான் வாத்தியார் கட்சி. எல்லையில் இருக்கிற தமிழ்ப் பிள்ளைக்கு மார்க் முக்கியம். ரசனை பிறகு.

மீனாட்சிபுரம் பஸ்

வாத்தியார் சார், ரிச்சர்ட்ஸோடு கடை மூடிவிடவில்லை. 1938இல் லூயிஸ் ரோசன்பிளாட் என்ற அமெரிக்க அம்மையார் இதற்கு நேர் எதிராக எழுதினார். காகிதத்தில் இருப்பது வெறும் எழுத்து, வாசகர் தன் வாழ்க்கையோடு வந்து அதைத் தொடும்போதுதான் கவிதை நடக்கிறது என்று. அந்தப் பெண் அம்மாயியைக் கூட்டிக்கொண்டு போனது தப்பே இல்லை.

பழைய வாத்தியார் (பொள்ளாச்சி)

தம்பி, அதே அம்மையார்தான் எல்லா வாசிப்பும் சமம் இல்லை என்றும் எழுதினார். சொல்கிற பொருளைக் கவிதையின் சொற்கள் தாங்க வேண்டும், கவிதையில் இருக்கிற எதுவும் அதை மறுக்கக் கூடாது. அந்தப் பாதியை விட்டுவிட்டீர்கள்.

தென்காசிச் சாரல்

நாங்களும் எல்லைதான். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி. இவ்வளவு தூரம் கேம்பிரிட்ஜுக்குப் போக வேண்டாம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடு, அதாவது வெளியே தெரிகிற உணர்ச்சிகள், சொல்கிறார். முதலில் நகை, அடுத்து அழுகை. வயலில் நகையாகக் கிளம்பிய பாட்டு வரப்பில் அழுகையாகக் கேட்டிருக்கிறது. அந்தப் பெண் பிடித்தது இதைத்தான், இது கவிதையைப் பற்றியதுதானே?

குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி. என்ன செய்தார்? ஒரு கம்பன் பாட்டை எடுத்துத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, தான் அனுபவித்ததைத்தான் எதிரில் இருந்தவர்களுக்குக் கொடுத்தார். அவருக்கு யார் மார்க் போட்டது?

பழைய வாத்தியார் (பொள்ளாச்சி)

டி.கே.சி.மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அவரே நல்ல உதாரணம். தனக்கு ரசிக்காத செய்யுள்களை இது கம்பன் வாக்கே இல்லை என்று ஒதுக்கினார், சில இடங்களில் சொல்லையும் மாற்றினார். ரசனைக்குக் கடிவாளம் இல்லாவிட்டால் அங்கேதான் போய் நிற்கும்.

இப்போது ‘ஏன் இறங்கிப் போய்க் கேட்கவில்லை’ என்ற கேள்விக்கு வருகிறேன். வேர்ட்ஸ்வொர்த் 1803இல் தங்கை டோரதியோடு ஸ்காட்லாந்து போனது உண்மை. ஆனால் இந்தப் பாட்டை எழுதியது 1805 நவம்பரில், நண்பர் தாமஸ் வில்கின்சனின் பயணக் குறிப்பில் இருந்த ஒரு வாக்கியத்தை வைத்து. 1807 தொகுப்பில் அவரே குறிப்புப் போட்டிருக்கிறார், கடைசி வரி அப்படியே அந்தக் கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்தது என்று. ஆக, அவர் யாரிடம் இறங்கிப் போய்க் கேட்பது? வரப்பில் நின்றது வில்கின்சன்.

மீனாட்சிபுரம் பஸ்

சார், இதைச் சொல்லி நீங்களே மாட்டிக்கொண்டீர்கள். அப்படியானால் அந்தக் கவிதையே இன்னொருவர் எழுதிய ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டு, தனக்குத் தோன்றியதைச் சொந்தமாக எழுதியதுதானே? வில்கின்சனைப் பற்றி எழுது, குயிலைப் பற்றி அல்ல என்று யாராவது ஓரத்தில் எழுதினார்களா?

பழைய வாத்தியார் (பொள்ளாச்சி)

(சிரித்துவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன்.) ஆனால் அவர் வில்கின்சனின் சொற்களைப் பிடித்துக்கொண்டே எழுதினார். குனிந்த அரிவாள், துயரக் குரல், கேட்டு முடிந்தபின்னும் நிற்கும் இசை, எல்லாம் அந்த ஒரே வாக்கியத்தில் இருக்கிறது. பிள்ளை எந்தச் சொல்லைப் பிடித்தாள்?

தென்னந்தோப்பு

நேற்று ராத்திரி தேங்காய் துருவிக்கொண்டே இதையெல்லாம் அவளுக்குப் படித்துக் காட்டினேன். புத்தகத்தை எடுத்துவந்து திண்ணையில் உட்கார்ந்தாள். அவள் சொன்னதை அப்படியே போடுகிறேன்.

“அம்மா, பாட்டு சோகம்னு முதல் பத்தியிலேயே சொல்லிடறார். என்ன பாடறான்னு யாராவது சொல்லுங்கன்னு மூணாவது பத்தியிலதான் கேக்கறார். முடிவு பண்ணிட்டு அப்புறம் கேள்வி கேக்கறார். கேட்டுட்டு ரெண்டு ஊகம் சொல்றார். ஒண்ணு பழைய காலத்துச் சண்டை, இன்னொண்ணு வீட்டுல நடக்கற இழப்பு, வலி. ரெண்டுமே சோகம். சிரிப்புப் பாட்டா இருக்கலாம்னு அவருக்குத் தோணவே இல்ல.”

இது சரியா சார்?

பழைய வாத்தியார் (பொள்ளாச்சி)

அம்மா, நானும் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். சரி. முழுக்கச் சரி. நான் இந்தப் பாட்டை எத்தனை வருடம் நடத்தியிருப்பேன், மூன்றாம் பத்தியில் ‘ஒருவேளை’ என்று வருகிறதே, பாருங்கள் எவ்வளவு அடக்கம் என்று மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். முதல் பத்தியோடு வைத்துப் பார்க்கவில்லை. துயரம் என்ற சொல் வில்கின்சனின் வாக்கியத்திலேயே இருந்தது. அது முன்கூட்டியே கையில் இருந்ததால்தான் ஊகங்களும் அதே பக்கம் சாய்ந்தன என்று தோன்றுகிறது.

இதைத் தாளில் எழுதியிருந்தால் 8 போட்டிருப்பேன். ஆனால் எழுதவில்லையே. சொன்னதுக்கு மார்க் கிடையாது, எழுதினதுக்குத்தான். அதோடு, இந்தப் பாயின்ட் கையில் இருக்கும்போது அம்மாயி தேவையே இல்லை.

மீனாட்சிபுரம் பஸ்

அம்மாயி இல்லாமல் அந்தப் பாயின்ட் எங்கிருந்து வரும் சார்? 31 வருடத்தில் உங்களுக்கு வரவில்லையே?

பழைய வாத்தியார் (பொள்ளாச்சி)

அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்கிறீர்கள் தம்பி. சரி, சாரம் கட்டாமல் சுவர் எழும்பாதுதான். ஆனால் சுவர் எழும்பியதும் சாரத்தைப் பிரிக்க வேண்டாமா? இரண்டு பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் சாரமே நிற்கிறது.

தென்காசிச் சாரல்

பிரிக்கச் சொல்லிக் கொடுப்பதுதானே வாத்தியார் வேலை? ‘கவிதையில் எந்தச் சொல் உனக்கு அம்மாயியை ஞாபகப்படுத்தியது?’ என்று ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் அவளே திண்ணைக்குப் புத்தகத்தை எடுத்துப் போயிருப்பாள். அதே சிவப்பு மைதான், செலவு ஒன்றும் கூடாது.

மூணாறு குளிர்

அறுபது தாள் திருத்துகிற ஆளிடம் போய் இதைச் சொல்லுங்கள்.

பழைய வாத்தியார் (பொள்ளாச்சி)

அதுவும் உண்மை. ராத்திரி பதினொரு மணிக்கு ஐம்பத்தி மூன்றாவது தாளில் பாட்டி வந்தால் எனக்கும் கோபம்தான் வந்திருக்கும். ஆனால் தென்காசி நண்பர் சொன்ன அந்த ஒரு வரி நல்ல வரி. எனக்கு முப்பது வருடம் முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

அம்மா, ஒன்று செய்யச் சொல்லுங்கள். அந்த மூன்றாம் பத்தி விஷயத்தை அரைப் பக்கம் எழுதி, அம்மாயியை முதல் நாலு வரிக்குள் அடக்கி, மறுபடி கொடுக்கட்டும். மார்க் மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டாம். கொடுத்துவிட்டு வந்தால் போதும்.

மீனாட்சிபுரம் பஸ்

நாலு வரியா! குடையும் தொந்தியும் மட்டுமே நாலு வரி வருமே. அக்கா, அதிருக்கட்டும், அந்தப் பாட்டில் காரியஸ்தரைப் பற்றி அப்படி என்னதான் பாடினார்கள்? கேட்டு எழுதுங்கள், நாங்களாவது தெரிந்துகொள்கிறோம்.

தென்னந்தோப்பு

மகள் இன்று காலையிலேயே நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்தாள். அம்மாயி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, “அதெல்லாம் எழுதற பாட்டா சாமி?” என்று சிரிக்கிறாள். மெட்டை மட்டும் முனகிக் காட்டினாள். வார்த்தை சொல்ல மாட்டாளாம். அந்தக் காரியஸ்தரின் பேரன்தான் இப்போது எங்கள் வார்டு மெம்பர், பென்ஷன் பேப்பர் அவர் கையில் இருக்கிறதாம்.