‘ஆஃப்’ என்ற சொல்லிடம் சிக்கியவர்கள் இங்கே எழுதுங்கள்

வடகரை வேலு:
சிங்கப்பூரில் ஷிப்யார்ட் வேலை. டேங்க்குக்குள் கிரைண்டிங் ஓடினால் வெளியே இடி விழுந்தாலும் கேட்காது. வாக்கிடாக்கியில் சேஃப்டி அதிகாரி “அலாரம் ஹேஸ் கான் ஆஃப்” என்றார். எங்கள் குழுவில் ஆங்கிலம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த அண்ணன் உடனே சொல்லிவிட்டார்: “அலாரம் நின்றுவிட்டதாம், வேலையைப் பாருங்கள்.” பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு வங்காளதேசத்துப் பையன் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு ஏணியில் பாதி ஏறி வந்து கத்தினான். வியர்வையும் பெயிண்டும் வழிந்த அந்த முகம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. அவனுக்கு ஆங்கிலமே தெரியாது. மணி அடிப்பதைக் காதால் கேட்டிருந்தான், அவ்வளவுதான். நல்ல வேளை, அன்று நடந்தது ஒத்திகை.

இரவுப்பணி:
இங்கிலாந்தில் முதியோர் வார்டு. அவசரப் பிரிவிலிருந்து வந்த குறிப்பில் பாட்டியின் வயது, அதன் பக்கத்தில் “ஆஃப் லெக்ஸ்”. புதிதாகச் சேர்ந்த கேரளத்துப் பெண், கால் எடுத்த நோயாளி வருகிறார் என்று கட்டுப்போடும் சாமான்களை எல்லாம் அடுக்கி வைத்துக் காத்திருந்தாள். போர்வையை விலக்கினால், சிவப்புக் கம்பளிக் காலுறைக்குள் இரண்டு பாதங்களும் பத்திரமாக இருக்கின்றன. “என்ன பெண்ணே, என் காலை அப்படிப் பார்க்கிறாய்?” என்றார் பாட்டி.

எனக்கு உறுத்துவது வேறு. நடமாடிக்கொண்டிருந்த முதியவர் திடீரென்று எழுந்து நிற்க முடியாமல் போவதைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். அது நோயின் பெயரே இல்லை. பின்னால் சிறுநீர்த் தொற்று இருக்கலாம், பக்கவாதம் இருக்கலாம், புதிதாகத் தொடங்கிய மாத்திரையாகவோ தண்டுவடம் நசுங்குவதாகவோ இருக்கலாம். அந்த இரண்டு சொற்களை எழுதியதும் நோயையே கண்டுபிடித்துவிட்ட நிம்மதி சிலருக்கு.

பழைய கார்:
அக்கா சொன்னது உயிர் விஷயம், என்னுடையது டயர் விஷயம். லண்டனில் கார் மூன்று வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும் எம்.ஓ.டி. சோதனை, அதாவது வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்ப்பது. ஆஃப்சைடு முன் டயர் தேய்ந்துவிட்டது என்று சீட்டு கொடுத்தார்கள் (பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் தேறாது). மதுரையிலிருந்து வந்திருந்த அப்பா, ஒரு காலத்தில் லீக் கிரிக்கெட் ஆடியவர், மெக்கானிக்கிடம் கேட்டார்: “பேட்ஸ்மேன் வலது கையா, இடது கையா?”

மெக்கானிக் சிரிக்கவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்தார். குதிரைமேல் இடப்பக்கமாகத்தான் ஏறுவார்கள், அதனால் அது நியர்சைடு, எட்ட இருக்கும் வலப்பக்கம் ஆஃப்சைடு என்று எண்ணெய்க் கையால் இல்லாத குதிரையைத் தட்டிக் காட்டினார். பிரிட்டனில் அது ஓட்டுநர் பக்கம். அப்பா விடவில்லை. “இடது கைக்காரன் ஆட வந்தால் ஆஃப்சைடே இடம் மாறுகிறது. கார் மட்டும் மாறாதோ?”

இலக்கண வாத்தியார்:
வேலு தம்பி, அந்த அண்ணனைக் குறை சொல்லாதீர்கள். மணி அடிக்கிறது என்று அதிகாரி நேராகச் சொல்லியிருக்க வேண்டும். என் கதை சின்னது. ஊட்டியில் ஒரு விடுதி. வெள்ளைக்கார விருந்தாளி “தி மில்க் இஸ் ஆஃப்” என்றார். “ஆமாம் ஐயா, அடுப்பை அப்போதே அணைத்துவிட்டேன்” என்றார் சமையற்காரர். பால் கெட்டுவிட்டது என்பது அவருக்கு எட்டவே இல்லை.

இனி நீங்கள் படிக்க வேண்டியது. பேங்க் ஆஃப் இந்தியாவில் வரும் ‘ஆஃப்’, இந்த ‘ஆஃப்’, இரண்டும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல். அழுத்திச் சொன்ன வடிவம் தனியாகக் கிளைத்து, 17ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் முழுவதும் பிரிந்தது. நாம் தமிழில் எழுதும்போது மறுபடியும் சேர்த்துவைத்துவிட்டோம்! வேர்ப்பொருள் விலகுதல். சும்மா இருந்த துப்பாக்கியும் அலாரமும் அந்த நிலையை விட்டு விலகினால் சத்தம். எரிந்த விளக்கு விலகினால் இருட்டு. விரும்பிச் சாப்பிட்ட மீன் பிடிக்காமல் போனாலும் ‘கான் ஆஃப்’தான். ஆகவே அந்தப் பொருள் அதுவரை எந்த நிலையில் இருந்தது என்று பாருங்கள், பொருள் தானாக விளங்கும். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, இடப்பக்கம் சொற்றொடர், வலப்பக்கம் முந்தைய நிலை என்று எழுதிவாருங்கள். தினமும் ஐந்து போதும். ஞாயிற்றுக்கிழமை திருப்பிப் பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

இரவுப்பணி:
ஐயா, இங்கே யாரும் வீட்டுப்பாடம் கேட்கவில்லை.

வடகரை வேலு:
வாத்தியார் ஐயா, உங்கள் விதிப்படியே வைத்துக்கொள்வோம். அலாரம் அதுவரை சும்மா இருந்ததா, அடித்துக்கொண்டிருந்ததா என்பது டேங்க்குக்குள் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? அது தெரிந்திருந்தால் வாக்கிடாக்கி எதற்கு?