புதுப்பிப்பு: இரண்டு டூயல் காயில் சப்வூஃபர், 2 ஓம் மோனோ ஆம்ப் – தீர்ந்தது

வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: 2 ஓம் காயில் இரண்டிரண்டு உள்ள இரண்டு சப்வூஃபர்களை (பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்), 2 ஓமுக்குக் கீழே தாங்காத ஆம்பில் (ஆம்ப்ளிஃபயர்) எப்படி இணைப்பது?

"ஒவ்வொரு சப்பின் காயில்களையும் சீரிஸில் போட்டு, பிறகு இரண்டு சப்பையும் பேரலலில் போடு" என்ற யோசனைதான் பலித்தது. ஒரு காயிலின் மைனஸை அடுத்த காயிலின் பிளஸோடு சேர்த்தால் சப்புக்கு 4 ஓம். இரண்டு சப்பையும் பேரலலில், அதாவது பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால் 2 ஓம். நான்கு காயிலையும் பேரலலில் போட்டால் 0.5 ஓம்தான், ஆம்ப் புரொடெக்டுக்குப் போய்விடும் (தன்னைக் காக்க அணைந்துவிடும்).

ஆம்பில் மாட்டுமுன் மல்டிமீட்டரில் 1.7 ஓம் காட்டியது. பயப்பட வேண்டாம், மீட்டர் அளப்பது டிசி ரெசிஸ்டன்ஸை, அது குறிப்பிட்ட ஓமைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

எதிர்பாராதது ஒன்று: லோடு (ஆம்புக்குத் தெரியும் மொத்த ஓம்) சரி, ஆம்ப் சூடாகவில்லை, ஆனால் பேஸ் மெலிந்திருந்தது. ஆம்பிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சப்பின் முனையிலும் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டதில் ஒரு சப்பின் கோன் (முன்புறக் கூம்பு) வெளியே வந்தது, மற்றது உள்ளே போனது; இப்படி எதிரெதிராக அசைந்ததால்தான் ஒன்றின் பேஸை மற்றது அழித்திருக்கிறது. ஒரு பெட்டிக்குள் டெர்மினல் வயர்கள் மாறியிருந்தன. மீட்டர் இதைக் காட்டவே காட்டாது, பேட்டரிச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். மாற்றியதும் பேஸ் முழுதாக வந்துவிட்டது.